மஞ்சள் அடைத்த ரேடியேட்டர்

மயிலாப்பூர் லஸ் முனை டாக்ஸி ஸ்டாண்டில் இனாயத்தின் அம்பாசிடர்தான் கிழம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தபோது, டாக்ஸிக்காரர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் அவனும் செய்தான். மனைவி நஸ்ருன்னிசாவின் சமையலறையிலிருந்து ஒரு பிடி மஞ்சள்தூளை எடுத்துப் போய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினான். சூட்டில் தூள் ஊறி ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம்.

விட மனசு வரவில்லை. இரண்டு வருஷம் ஒழுகாமல் ஓடியபின், அந்தக் கோடையில் மாமியார் செங்கல்பட்டில் படுத்த படுக்கையாகிவிட்டாள். எப்போது தகவல் வந்தாலும் வண்டி தயாராக இருக்க வேண்டும். ரேடியேட்டரில் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. நல்ல எண்ணம்தான், யார் என்ன குறை சொல்ல? ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உதிரி பாகக் கடை வைத்திருந்த சேட்டுவிடம் போய், தண்ணீருக்குப் பதில் ஊற்றுகிற கூலன்ட் கேட்டான்.

"ரெண்டு கீது நைனா," என்றான் சேட்டு. "இது சாதா. இது புதுசு, உள்ளாற கீற துரு, அழுக்கு எல்லாத்தையும் கரைச்சுத் தள்ளிடும். ஆனா பழைய வண்டிக்குப் பாத்து ஊத்தணும். ஒழுகல் எதுனா கீதா?"

"என் வண்டியா? ஒரு சொட்டு ஒழுகாது," என்றான் இனாயத் ரோஷமாக. மஞ்சள் அவன் நினைவுக்கே வரவில்லை. புதுசையே வாங்கி வந்து ஊற்றினான்.

நஸ்ருன்னிசா மட்டும் கேட்டாள். "நல்லாத்தானே ஓடிக்கினு கீது, இப்ப இன்னாத்துக்கு அதைக் கிளறுறீங்க?"

"எல்லாம் உங்கம்மாவுக்காகத்தான்."

அந்த வாரமே, பந்த் நாளில், பக்கத்து வீட்டுப் போனுக்குத் தகவல் வந்தது. அம்மா காலையில் மவுத்தாகிவிட்டாள். வெயில் காலம், வைத்திருக்க முடியாது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் மையத்தை அடக்கத்துக்கு எடுத்துவிடுவோம் என்றாள் நஸ்ருன்னிசாவின் பெரியம்மா. பஸ் இல்லை, ரயில் இல்லை, ஆட்டோக்காரன் ஒருத்தனும் வெளியே வரவில்லை. "நம்ம வண்டி இருக்கு, வா," என்றான் இனாயத். அதைச் சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பாவம்.

அடையாறு பாலத்தைத் தாண்டும்போதே சூட்டு முள் ஏறிவிட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால் ஒரே ஆவி. அடியில் பச்சை நிறக் கூலன்ட் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சேட்டு சொன்னதில் பொய்யே இல்லை. மருந்து துருவைக் கரைத்தது, அழுக்கைக் கரைத்தது, மஞ்சளையும் விட்டுவைக்கவில்லை. இனாயத் தண்ணீர் தேடி ஓடினான்.

சந்து முனையில் அடிபம்பைச் சுற்றிக் குடங்கள் வரிசையில் கிடந்தன. ஊரே தண்ணீருக்குப் பறந்த வருஷம் அது. வண்டிக்குத் தண்ணீர் கேட்டதும் ஒரு பெண் சீறினாள். "இங்க குடிக்கவே தண்ணி இல்ல, இவருக்குக் கார் குளிப்பாட்டணுமா? போய்யா!"

நஸ்ருன்னிசா இறங்கி வந்தாள். "எங்கம்மா மவுத்தாயிட்டாங்க. எடுக்கறதுக்குள்ள முகம் பாக்கணும்."

சீறியவளே தன் குடத்தைத் தூக்கிக் கொடுத்தாள். கடைகள் பூட்டிக் கிடந்ததால் மஞ்சள்தூளுக்கும் அவளையே கேட்டார்கள். எதற்கென்று கேட்காமல் வீட்டுக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்தாள். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்த நேரத்தில், நஸ்ருன்னிசா குடத்துக்குள் கையை விட்டுக் கட்டி இல்லாமல் கரைத்தாள்.

புது மஞ்சள் சரியாகப் பிடிக்கவில்லை. தாம்பரத்தில் நின்றது. அதற்கப்பால் மறுபடி நின்றது. வழியில் ஏதோ பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்வது கேட்டபோது நஸ்ருன்னிசா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். இனாயத் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான்; சூட்டு முள்தான் ஏறியது.

செங்கல்பட்டில் தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது, ஆண்கள் கபர்ஸ்தானில் அடக்கம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிலர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தார்கள்.

வாசலில் பெரியம்மா ஓடிவந்து நஸ்ருன்னிசாவின் கைகளைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே பார்த்தாள். மணிக்கட்டுவரை மஞ்சள்.

"இன்னாடி இது? பெத்தவ மையத்துக்கு, கல்யாண வூட்டுக்கு வர்ற மாதிரி கையெல்லாம் மஞ்சள் பூசிக்கினு வந்திருக்கே!"

கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இனாயத் கொல்லைக்கு ஓடி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் ஊற்றினான். அவள் தேய்த்தாள். தண்ணீர்தான் மஞ்சளானது, கை வெளுக்கவில்லை. இன்னொரு சொம்புக்கு அவன் திரும்பினான்.

"விடுங்க," என்றாள் நஸ்ருன்னிசா. "நேரத்தோட வந்து சேந்திருந்தாலும், இதே மஞ்சக் கையாலதான் அம்மா முகத்தைத் தொட்டிருப்பேன்."