கருஞ்சிவப்பு ஜெர்சி

மருந்துக்கடை அக்கா மூன்றாவது தடவையாக அந்த ஹாக்கி ஜெர்சியை என் தையல் மேசையில் வைத்தார். இடது தோளின் பின்தையல் மறுபடியும் பிரிந்திருந்தது.

"அக்கா, இதை யாரோ போட்டுக்கிட்டு ஆடுறாங்க."

"பீரோ சாவி என் இடுப்புல இருக்கு. யாருடா போடுவா?"

அது அவருடைய தம்பியின் ஜெர்சி. தம்பி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த அணியும் கலைந்துவிட்டது. ஆனால் என்ன அழகு! கருஞ்சிவப்புப் பின்னல் துணி, கழுத்தில் பொத்தானுக்குப் பதில் கயிறு, இடுப்பைச் சுற்றி வெண்ணெய் நிறத்தில் அகலப் பட்டை. பட்டையை ஏன் மார்பில் வைக்காமல் இவ்வளவு கீழே வைத்தார்கள் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. ஹாக்கி குனிந்து ஆடும் ஆட்டம். பந்தைப் பார்ப்பவனுக்குப் பக்கத்தில் வருபவனின் முகம் தெரியாது, இடுப்புதான் தெரியும். நம் ஆளா என்பதை அந்தப் பட்டை சொல்லிவிடும். மட்டையின் மேல்முனையைப் பிடிப்பது இடது கை. ஓங்கும்போது அந்தத் தோள்தான் இழுபடும். மடித்து வைத்த துணி அங்கே பிரியாது. பூச்சி அரித்தால் ஓட்டை விழும், நூல் மக்கினால் எல்லாத் தையலும் தளரும். இதுவோ இழுபட்டு அறுந்த நூல். போன வாரம் நான் போட்ட புது நூல். அறுந்த நுனியை அக்காவிடம் காட்டினேன்.

"ஓடாதேன்னு டாக்டர் சொன்னாரு. மாத்திரையை நானே கையில குடுத்தேன். மாடு மாதிரி தலையாட்டிட்டு ஆடப் போனான், அங்கயே விழுந்தான்." அக்கா ஜெர்சியைத் தடவினார். "இப்பவும் சொல்லாமத்தான் போறான். மறுபடி நெஞ்சு வலிச்சா பக்கத்துல யாரு இருக்கா? ரெண்டு கையோட நுனியையும் தச்சு மூடிடு. கை நுழையலேன்னா எப்படிப் போடுவான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

ஜெர்சியின் வலது கை நுனியைத் தைத்து மூடினேன். இடது கையில் கடைசித் தையலைப் போட்டு, முடிச்சுக்காக விரல் நீள நூலை விட்டேன். அப்போது ஜெர்சியின் மார்பு எழுந்து தாழ்ந்தது. மின்விசிறி ஓடவில்லை. மறுபடி எழுந்தது, வேகவேகமாக.

"பாரு, ஓடிட்டு வந்திருக்கான்." அக்கா அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். "மெதுவாடா. மெதுவா."

மூச்சு தணிந்தது.

"ம், முடிச்சு போடு," என்றார் என்னிடம்.

நூலின் நுனி என் விரல்களுக்கு இடையில் இருந்தது. தைத்து மூடிய ஜெர்சிக் கைக்குள்ளிருந்து யாரோ இழுப்பதுபோல், அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.