திருட்டு மூச்சு

ஊரார் திட்டுவதையெல்லாம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டு, "மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் மேடம்" என்று சொல்வதுதான் அவளுடைய வேலை. பழுதான வாஷிங் மெஷினை அவள் செய்யவுமில்லை, விற்கவுமில்லை. மன்னிப்பு மட்டும் அவள் பொறுப்பு. சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றும்போது தொண்டை வறண்டு போயிருக்கும்.

அப்படியும் வாரம் தவறாமல் சேர்ந்திசைக் குழுவுக்குப் போய்விடுவாள். "வீட்டுல வாயத் திறக்க மாட்டேங்கிற, அங்க போனா மட்டும் பாட்டா?" என்று கணவன் முணுமுணுப்பான். அவனுக்கு என்ன தெரியும்? அந்த மண்டபத்தில் மட்டும்தான் அவள் குரல் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் வெளியே வந்தது.

இப்போது அங்கேயும் குரல் வருவதில்லை. சில வாரங்களாகவே வெறும் வாயைத்தான் அசைத்துக்கொண்டிருந்தாள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாடும் கூட்டத்தில் ஒரு வாய் சும்மா அசைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் பயம் விடவில்லை. கண்டுபிடித்தால் அனுப்பிவிடுவார்கள். அனுப்பிவிட்டால் அவளுக்கு மிச்சம் இருப்பது வாஷிங் மெஷின்தான்.

குழுவை நடத்துபவர் ஒரு கணக்கு வாத்தியார். பகலெல்லாம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் இவர்களோடு மல்லுக்கட்ட வருகிற மனுஷன். பாட்டின் முடிவில் ஒரு நீண்ட ஸ்வரம் உண்டு. யாராலும் ஒரே மூச்சில் அதை இழுக்க முடியாது. அதற்குத்தான் திருட்டு மூச்சு. பக்கத்தில் இருப்பவர் பாடும்போது ஓசைப்படாமல் மூச்சை எடுத்துக்கொண்டு மறுபடி நுழைந்துவிட வேண்டும். "திருடுங்க, ஆனா எல்லாரும் சேர்ந்து திருடாதீங்க" என்பார் வாத்தியார்.

அன்று அவர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். "எங்கயோ ஓட்டை இருக்கு. மூணாவது வரிசை மட்டும் பாடுங்க."

மூன்றாவது வரிசை அவளுடையது. பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரரை ஓரக்கண்ணால் பார்த்தாள். விடியும் முன்பே மாவு பிசையப் போகிறவர். கண்கள் சொருகிக்கொண்டு நின்றாலும் அவர்தான் வரிசையைத் தாங்குகிறார் என்று நம்பியிருந்தாள். அவர் குரலுக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று வாயைத் திறந்தாள். வாத்தியார் கையை உயர்த்தினார்.

வரிசை முழுக்க வாய்கள் திறந்திருந்தன. சத்தம்தான் இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது.

முதல் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"போன் அக்கா, நீங்க பாடலையா?" பேக்கரிக்காரர் கிசுகிசுத்தார். "உங்களை நம்பித்தானே நான் கொஞ்ச நாளா வாயசைச்சுக்கிட்டு இருக்கேன்!"

"ஐயோ, நான் உங்களையில்ல நம்பியிருந்தேன்!"

அந்தப் பக்கம் நின்ற நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அப்பால் இருந்தவர்களும் அப்படியே. ஒருவரை ஒருவர் நம்பி வரிசையே மூச்சைத் திருடியிருக்கிறது.

வாத்தியார் கத்தவில்லை. மேடைப் படியில் தொப்பென்று உட்கார்ந்தார். "கையை ஆட்டி ஆட்டித் தோள்பட்டை கழண்டு போச்சு. இத்தனை நாளும் காத்தையா நடத்திக்கிட்டு இருந்தேன்?"

அவளுக்கு அவமானம் தாங்கவில்லை. "மன்னிக்கணும் சார்" என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. "எனக்குக் குரல் போயிடுச்சு. நான் விலகிக்கிறேன்."

"ஒருத்தர் விலகினா சமாளிக்கலாம். வரிசையே விலகினா நான் எங்கம்மா போவேன்?" அவர் கண்களைக் கசக்கிக்கொண்டார். "மன்னிப்பெல்லாம் வேண்டாம். மிச்சம் இருக்கிறதைப் பாடுங்க. கரகரன்னு வந்தாலும் பரவாயில்ல. முறை வச்சுத் திருடுங்க."

பாடினாள். எண்ணெய் காணாத கதவு போல வந்தது. பேக்கரிக்காரரும் நர்ஸும் அவளுக்கு ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. கேட்கச் சகிக்கவில்லை, ஆனால் ஸ்வரம் அறுபடாமல் நின்றது.

மூச்சு முட்டியதும் அவள் நிறுத்தினாள். போனில் ஒரு நொடி நிறுத்தினால் எதிர்முனையிலிருந்து வசவு வரும். இங்கே அவள் விட்ட இடத்தில் பேக்கரிக்காரரின் குரல் இருந்தது. மூச்சை எடுத்துவிட்டாள். மறுபடி நுழைய முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

பேக்கரிக்காரர் அதைப் பார்த்தார். மூச்செடுக்க வேண்டிய தன் முறையை விட்டுவிட்டு, முகம் சிவக்க, அவளுடைய பங்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தார்.