பெயின்ட் அடிக்கப் போன மாதா

அம்மாவின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த ஜெனோவாவின் கையிலிருந்து துண்டைப் பிடுங்கிக்கொண்டாள் செபஸ்தியம்மா பெரியம்மா.

“நீ தள்ளு. இதெல்லாம் எங்க வழக்கப்படி செய்யணும்.”

தலை துவட்டுவதில் தனியாக என்ன வழக்கம் இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். ஜெனோவா கேட்கவில்லை. சுவரோரம் நகர்ந்து நின்றாள். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு வீட்டின் முன்னறையில் கட்டிலும் டிவியும் போக மிச்ச இடத்தில் எட்டுப் பெண்கள் நின்றார்கள். அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் அவளுக்கு மட்டும் நிற்க இடமில்லை.

காலை ஏழு மணிக்கு மீன் கடையில் சங்கராவைக் கழுவிக்கொண்டிருந்த அடைக்கலமேரி அப்படியே பக்கத்துக் கடை சந்திரிகாவின் தோளில் சாய்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நேரம் ஒரே மகள் அரசாங்க ஆஸ்பத்திரியில், ஊர் பேர் தெரியாத ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு அதுதான் வேலை. கூட ஆள் இல்லாத நோயாளிகளைத் தேடிப் போய் ஊட்டிவிட்டு, ஜெபித்துவிட்டு வருவாள்.

அந்த வேலை கிடைப்பதற்கு முன்னால் அவள் எட்டு மாதம் பாயைவிட்டு எழவில்லை. புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். போனவனை நினைத்துக்கூட அல்ல, எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று தெரியாமல் கிடந்தாள். அம்மா தினமும் மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றி அழுதாள். மீன் வாங்க வந்த ஜெபவீட்டுக்கார ஜெயஸ்ரீ சிஸ்டர் விஷயம் கேள்விப்பட்டு மாடியேறி வந்து, பாயிலேயே பக்கத்தில் உட்கார்ந்து, “ஆண்டவருக்கு உன்னால ஒரு வேலை ஆக வேண்டியிருக்கும்மா” என்றாள். உன்னால் ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைக்கு மேலிருந்த ஜெபவீட்டுக்கு அவள் போக ஆரம்பித்தது அப்படித்தான். அவர்கள் வழக்கப்படி தோட்டைக் கழற்றினாள், வெள்ளைப் புடவைக்கு மாறினாள். அம்மா சுரூபம் என்று சொன்னதை அங்கே விக்கிரகம் என்றார்கள்.

இப்போது அந்த ஜெயஸ்ரீதான் போனில் அழைத்தாள். “சிஸ்டர், ரொம்ப வருத்தமா இருக்கு. உங்களுக்காக எல்லாரும் ஜெபிக்கிறோம். ஆனா மெழுகுவத்தி, சிலை அதுலயெல்லாம் மட்டும் கலந்துக்காதீங்க. நம்ம விசுவாசத்தோட சாட்சி கெட்டுடும்.”

“சரிங்க சிஸ்டர்” என்று வைத்தாள். வருகிறேன் என்று ஜெயஸ்ரீ சொல்லுவாள் என ஜெனோவா ஒரு விநாடி எதிர்பார்த்திருந்தாள்.

உள்ளே அம்மாவுக்குப் பட்டுப்புடவை கட்டி, கைகளைக் குவித்து, ஜெபமாலையைச் சுற்றியாயிற்று. பெரியம்மா நிமிர்ந்தாள்.

“ஏண்டி, அந்த மாதா எந்தக் கடையில கீது?”

“எந்த மாதா?”

“ஒங்கம்மா மாதாதான். மூணு வருசமா பெயின்ட் அடிக்கக் குடுத்துகிறேன், பெயின்ட் அடிக்கக் குடுத்துகிறேன்னு சொல்லிகினு கீதே. பொட்டியில என்கூட அத்த வச்சு மூடணும்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிச்சு. கடைய சொல்லு, போய் வாங்கியாரலாம்.”

“மூணு வருசமா பெயின்ட் அடிக்கிறான் பாரு, அவன் நல்லா இருப்பான்” என்றாள் ஒருத்தி. சாவு வீடென்று மறந்து இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஜெபவீட்டுக்குப் போன முதல் மாதத்தில் ஒரு நாள் காலை, அம்மா கடையில் இருந்த நேரம், ஜெனோவாதான் அந்தச் சுரூபத்தைப் பழைய நைட்டியில் சுருட்டி எடுத்துப் போய்க் கடலில் விட்டாள். மத்தியானம் வந்த அம்மா காலியாக இருந்த சுவர் மாடத்தைப் பார்த்தாள். கூடையை இறக்கினாள். “சோறு துன்னியா?” என்று கேட்டாள், அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பேச்சே இரண்டு பேருக்கும் நடுவில் வரவில்லை. அம்மா ஊருக்கெல்லாம் இப்படி ஒரு கதை கட்டி வைத்திருந்தது அவளுக்கு இன்றுதான் தெரிகிறது.

ஆமாம், ஏதோ ஒரு கடை, பெயர் தெரியாது என்று சொன்னால் போதும். அம்மாவின் பொய்யே அவளைக் காப்பாற்றிவிடும்.

“கடையில இல்ல பெரியம்மா. நான்தான் கடல்ல போட்டுட்டேன்.”

பெரியம்மா கையை ஓங்கினாள். பிணத்தைப் பார்த்ததும் கை இறங்கியது. “வெளிய போ” என்றாள்.

படிக்கட்டில் சந்திரிகா உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமமும், காலையிலிருந்து மாற்றாத மீன் வாடைப் புடவையுமாக இருந்தாள்.

“அத்த ஏன் சொன்ன? ஒங்கம்மா எவ்ளோ அழகா மூடி வச்சிருந்துச்சு.”

“ஒனக்குத் தெரியுமாக்கா?”

“எங்க கடையத் தாண்டித்தான கடலுக்குப் போவணும்? எங்க கண்ணு முன்னாலதான் போன. நைட்டிக்குள்ளேர்ந்து மாதா கிரீடம் தெரிஞ்சுது. நான் ஓடியாரப் பாத்தேன். ஒங்கம்மா என் கையப் புடிச்சி உக்கார வச்சிடுச்சு.”

“இன்னா சொல்லுச்சு?”

சந்திரிகா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “‘போவட்டும் வுடுடி. எம்பொண்ணு குளிச்சி, தல வாரிகினு, தெருவுல நடந்து போவுது பாரு. எட்டு மாசமா மாதாகிட்ட இதத்தான கேட்டேன்’னுச்சு.”

ஜெனோவா படியிறங்கி, சாந்தோம் கோயில் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

கோயிலுக்குப் பக்கத்துக் கடையில் மாதாக்கள் வரிசையாக நின்றார்கள். “லூர்து மாதாவா, வேளாங்கண்ணியா?” என்று கேட்டார் கடைக்காரர். வேளாங்கண்ணி என்றாள். எடுத்துக் கொடுத்தவர் அவளுடைய வெறும் காதையும் வெள்ளைப் புடவையையும் ஒரு முறை பார்த்தார்.

“கவர் இருக்கா?”

“கவரெல்லாம் தடை பண்ணிட்டாங்களேம்மா.”

ஆகவே மாதாவைக் கையிலேயே ஏந்திக்கொண்டு, பட்டப்பகலில் சாந்தோம் சாலையில் நடந்தாள். சிக்னலில் நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு பெண் அவள் கையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெனோவாவுக்கு உடம்பு கூசியது. ‘ஆண்டவரே, நான் இத கும்பிடல. அம்மாகிட்ட கொண்டு போறேன், அவ்ளோதான்’ என்று முணுமுணுத்தாள். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பின்னால் ஹாரன்தான் அடித்தார்கள்.

அவள் திரும்பி வந்தபோது அம்மாவைக் கீழே சாமியானாவுக்குள் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பெரியம்மா சுரூபத்தைப் பார்த்தாள், ஜெனோவாவின் முகத்தைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். ஆனால் அம்மாவின் குவிந்த விரல்கள் விறைத்துவிட்டிருந்தன. இரண்டு பேர் இழுத்துப் பார்த்தும் பிரியவில்லை.

“இழுக்காதீங்க. நான் பாக்கறேன்.”

பெட்டியருகே முட்டி போட்டு, அம்மாவின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கை மடங்கிப்போனவர்களுக்கு இப்படித்தான் செய்வாள். சூடு ஏறும்வரை பொறுத்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக நீவினாள். செதில் கிழித்த தழும்புகள் கையில் நெருடின. நெடுநேரம் கழித்து விரல்கள் இளகி இடம் விட்டன. மாதாவை நடுவில் வைத்து, அதே விரல்களைத் திரும்ப ஒவ்வொன்றாக மூடினாள்.

ஃபாதர் வந்துவிட்டார். மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன. பெண்கள் ஜெபமாலைக்கு உட்கார்ந்தபோது பெரியம்மா கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். ஜெனோவா அதைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வெளியே வந்தாள். அவளால் அங்கே உட்கார முடியாது. அவளோடு உட்கார ஈக்காட்டுத்தாங்கலிலிருந்தும் யாரும் வரவில்லை.

தெருவோரம் கல்லறைக்குப் போகும் வண்டி, இன்ஜின் ஓடியபடி நின்றிருந்தது. அதன் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். டிரைவர் அவளைப் பார்த்தார்.

“பக்கத்து வூடாம்மா?”

“மக.”

அவர் சாமியானாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ஜெபம் ஆரம்பிச்சுட்டாங்களே. உள்ள போலியா?”

“இங்கேர்ந்தே கேக்குது” என்றாள்.

டிரைவர் எட்டி, வண்டியின் இன்ஜினை அணைத்தார்.