மேட்டுப் பிஞ்சையில் போட்ட கரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த உழவர் கூட்டத்தில் பானுப்பிரியாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவர்களில் அவளுடைய ஓரகத்தி வெள்ளத்தாயும் ஒருத்தி. கை சிவந்ததைவிட முகம்தான் அதிகம் சிவந்தது. மூத்த மருமகள் கீழே உட்கார்ந்திருக்க இளையவளை மேடையேற்றினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அதிகாரி ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மண்ணும் தண்ணீரும் காற்றும் உயிர்களும் தனித்தனி இல்லை, ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் அசையும் என்றார். பானு குட்டை வெட்டியதால் தவளை வந்தது, தவளை வந்ததால் பூச்சி குறைந்தது, கரையில் நின்ற மரங்களால் அனல்காற்று தணிந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். வெள்ளத்தாய் காதில் பானு பேர் மட்டும்தான் விழுந்தது. தவளை கத்துவதற்கெல்லாமா பொன்னாடை என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டே விட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பானு பால்கோவா பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். "எடுத்துக்கோங்கக்கா."

"வேண்டாம். எனக்கு இனிப்பு ஒத்துக்கிடாது" என்றாள் வெள்ளத்தாய். ராஜபாளையம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். போன வாரம் கோயில் சர்க்கரைப் பொங்கலை மூன்று தரம் வாங்கித் தின்றவள் அவள். அது வேறு கதை.

இவர்கள் கதை இதுதான். தேவதானத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்த சரிவில் மாமனார் விட்டுப்போன நிலம். பாகம் பிரித்தபோது மூத்தவன் மாரிசாமிக்கு முதல் கை. எதை எடுப்பது என்று புருஷன் காதில் ஓதியவள் வெள்ளத்தாய்தான். மேலே இருந்த மானாவாரி மேட்டுப் பிஞ்சையையும், கீழே கிணற்றோடு இருந்த தோட்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடந்த கல்லுக்காடு இளையவன் சிவபாண்டிக்கு. அன்று வெள்ளத்தாய்க்கு வாயெல்லாம் பல்.

அந்தக் கல்லுக்காட்டில்தான் பானு குட்டை வெட்டினாள். கரை நெடுக வேம்பும் புங்கனும் வைத்தாள். மா வைத்தாள். மூன்றே மழையில் அந்த இடம் ஆளே மாறிப்போனது. கொக்கு வந்தது, மீன்கொத்தி வந்தது. சித்திரை வெயிலில்கூட அந்தப் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தது. வெள்ளத்தாய்க்கு அந்தக் காற்றும் பிடிக்கவில்லை. "காத்துகூட அவ பக்கம்தான் குளுந்து அடிக்குது பாருங்க" என்று புருஷனிடம் பொருமுவாள்.

பொன்னாடை விழுந்த மறுநாள் மேட்டுப் பிஞ்சையில் நின்றபோதுதான் அவளுக்கு அது கண்ணில் பட்டது. குட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலையடிவாரத்தில் பெய்வது இந்தப் பிஞ்சை வழியாகத்தான் இறங்கி அவள் குட்டைக்குப் போகிறது. அடிப்பாவி!

"மழை என் நெலத்துல பேயுது. குட்டை அவ நெலத்துல ரொம்புது. பொன்னாடை அவ தோள்ல ஏறுது. இது எந்த ஊரு நியாயம்?" என்று வீட்டுக்கு வந்து கத்தினாள்.

மாரிசாமி சாந்தமான ஆள். "தண்ணி பள்ளத்தப் பாத்துத்தானட்டி ஓடும்?" என்றான்.

"அப்ப பள்ளத்த மாத்துங்க."

மாற்றித்தான் விட்டாள். ஜேசிபி வைத்து மேட்டுப் பிஞ்சையின் கீழ்விளிம்பில் இடுப்புயரக் கரை போட்டு, தண்ணீரை ரோட்டோரப் பள்ளத்துக்குத் திருப்பினாள். கரை போட்டதைப் பானு மாமரத்தடியில் நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டைக்கு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்ற வெள்ளத்தாய்க்கு அதுவே பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது.

ஐப்பசியில் மழை கொட்டியது. தண்ணீர் கரையோரமாகவே விழுந்தடித்து ஓடி ரோட்டில் புரண்டது. மேட்டுப் பிஞ்சையின் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போய், ஆள் இறங்குகிற அளவுக்கு வாய்க்கால் அறுத்துவிட்டது. போனால் போகட்டும். பானுவின் குட்டையில் கணுக்கால் தண்ணீர்கூட நிற்கவில்லையே! மார்கழியில் இருந்த சொட்டும் வற்றி, கொக்கெல்லாம் வேறு இடம் பார்த்துப் போய்விட்டது. வெள்ளத்தாய் அன்றைக்குக் கேசரி கிண்டினாள்.

மாசி பிறந்ததும் கிணற்றில் மோட்டார் இருமியது. செத்த நேரம் ஓடும், பிறகு காற்றைத்தான் இழுக்கும். அவள் கல்யாணமாகி வந்த நாளாக அடி தெரியாத கிணறு அது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் போட்டுத் தென்னை வைத்திருந்தாள். இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. பங்குனி வெயிலில் பிஞ்சுக் குரும்பை பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது. காலையில் மரத்தடிக்குப் போனால் கால் வைக்க இடமில்லை. பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இனி மரமும் பட்டுப்போனால் அவ்வளவுதான், தோட்டம் போச்சு.

மாரிசாமி கயிறு கட்டிக் கிணற்றில் இறங்கிப் பார்த்தான். மேலே வந்து, "மேக்குப் பக்கத்து ஊத்துதான்டி வத்திக் கெடக்கு. பானு குட்டைப் பக்கம் இருக்கது. மத்ததெல்லாம் சும்மா ஈரம்தான், என்னைக்கும் ஊத்து அது ஒண்ணுதான் போல" என்றான்.

வெள்ளத்தாய்க்குச் சுருக்கென்றது. "போர் போட்டுட்டா! கள்ளி, சத்தமில்லாம போர் போட்டு என் ஊத்த உறிஞ்சிட்டா. வாயத் தொறக்காம நிக்கும்போதே நெனச்சேன்." கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு பானுவின் கல்லுக்காட்டுக்கு ஏறினாள்.

அங்கே போர் இல்லை. ஜேசிபி ஒன்று நின்றது. குட்டை வெட்டியபோது கரையில் குவித்த மண்ணைத் திரும்பக் குட்டைக்குள்ளேயே தள்ளுவதற்கு வாளியைத் தூக்கியிருந்தது. குட்டை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. கரையில் சிவபாண்டியும் பானுவும் நின்றார்கள்.

"என்ன கொழுந்தனாரே, என்ன செய்யுதீய?"

"மூடப் போறேன் மதினி. தண்ணி வராத குழி எதுக்கு? மாட்டுக்கொட்டாய் போட்டாலாவது பொழப்பு ஓடும்."

வெள்ளத்தாய் குட்டையைப் பார்த்தாள். அங்கிருந்து நேர் கீழே, ஒரே சரிவில், அவளுடைய கிணறு தெரிந்தது. மேற்குச் சுவர் குட்டையைப் பார்த்துத்தான் இருந்தது. முன்னே கல்லுக்காட்டிலும் பிறகு குட்டையிலும் நின்ற தண்ணீர்தானா இத்தனை நாளும் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறியது? தன் கையாலேயே தன் ஊற்றை அடைத்திருக்கிறாளே, சண்டாளி!

ஓடிப்போய் வாளிக்கு முன்னால் நின்றாள். "மூடாதீய! மூடுனா என் கெணறு செத்துரும்."

சிவபாண்டிக்குக் கோபம் வந்தது. "நல்லாருக்கே கதை. தண்ணி வர்ற வழிய மறிச்சது நீங்க. இப்ப மூடாதங்கியளே, அன்னைக்கு எதுக்குக் கரை போட்டீய?"

என்ன பொய் சொல்வது? எத்தனையோ பொய் அவளிடம் எப்போதும் தயாராக இருக்கும். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை.

"பொறாமைலதான்" என்றாள். "எல்லாரும் பானு பானுங்கானுவ. கைதட்டுதானுவ. என்னால பொறுக்க முடியல. வயிறு எரிஞ்சு போட்டேன், போதுமா?"

பானு அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்கும் எரிஞ்சிருக்குக்கா. ஒங்களுக்குத் தெரியாது. கல்ல ஒடச்சுக் குட்டை வெட்டுனவ நானு. மார்கழில ரொம்புறது அம்புட்டும் கசிஞ்சு கசிஞ்சு கோடையில ஒங்க கெணத்துலதான் நிக்கும். நான் பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு தடவ சொல்லலாம்னு வாய்வரைக்கும் வந்துச்சு. சொன்னா, ஒன் தண்ணியும் எனக்குத்தான்னு இன்னும் நிமுந்து நடப்பீயன்னு முழுங்கிட்டேன்."

"அன்னைக்குக் கரை போடும்போது நின்னு பாத்தியேட்டி?"

"ஆமா. தடுக்க நெனச்சேன். பொறவு, போடட்டும், பட்டாத்தான் தெரியும்னு விட்டுட்டேன். உள்ளுக்குள்ள சிரிப்புகூட வந்துச்சுக்கா. என் குட்டையும் சேந்துல்ல காயும்னு அப்ப ஒறைக்கல." சொல்லிவிட்டு அழுதாள்.

ஜேசிபிக்காரர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

சிவபாண்டிதான் பேசினான். "இங்க பாருங்க மதினி. கரைய வெட்டிவிட்டா குட்டை இருக்கட்டும். இல்லேன்னா இன்னைக்கே மூடிருவேன். எதுன்னு சொல்லுங்க."

"வெட்டுதேன்."

"வண்டியக் கொண்டு போங்க, அஞ்சு நிமிசத்துல தட்டிரும்."

"வேண்டாம், நானே வெட்டுதேன்" என்று வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்தாள். அவள் நின்று பார்த்து, இறுக்கிப் போடச் சொல்லி, மிதிக்கச் சொல்லிப் போட்ட கரை. இரும்பாக இருந்தது. மாரிசாமி வந்து கடப்பாரையால் நெம்பிக் கொடுத்தான். நல்ல மனுஷன். இருட்டுவதற்குள் பழைய வழி திறந்துவிட்டது. உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

சித்திரைக் கடைசியில் ஒரு மத்தியானம் மலை கருத்து, இடித்துக்கொண்டு கோடைமழை இறங்கியது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெள்ளத்தாய் மேட்டுப் பிஞ்சைக்கு ஓடினாள். செந்தண்ணீர் நுரைத்து வந்து, வெட்டிவிட்ட வாயில் திரும்பி, அவள் நிலத்தை விட்டு இறங்கியது. கீழே பானுவும் குட்டைக்கரையில் நனைந்துகொண்டு நின்றாள். வெடிப்பெல்லாம் மூடி, குட்டை கண்ணெதிரே ஏறியது. பானு குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வெள்ளத்தாய்க்கு வயிறு பற்றி எரிந்தது. எரியட்டும் என்று நின்றுகொண்டாள். 'இன்னும் பெய்யட்டும் தாயே, அவ குட்டை வழிய வழிய ரொம்பட்டும்' என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள்.