கேட்காத மருந்துகள்

“காய்ச்சல் மாத்திரை மட்டும்தான் டாக்டர், வேற எதுவும் குடுக்கல” என்று மருந்துக்கடைக்காரர் சொன்னபோது, அவருடைய அக்கா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள்.

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர் அக்காவின் கணவர். வெளியூர்ப் பேருந்து ஓட்டுபவர். நடுவழியில் வண்டியை நிறுத்த முடியாது என்று தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகி, இரண்டு வருடமாக நீர்க்கடுப்பு அவரை விட்டபாடில்லை. எரிச்சல் எடுத்தால் மைத்துனனுக்குத்தான் போன் போடுவார். “மாப்ள, நீதான் அரை வைத்தியன் ஆச்சே, எதாவது அனுப்பு. ஆயிரம் பேர் கணக்குல என்னை மட்டும் சேத்துடாத” என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். இவரும் ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் நாலோ ஆறோ வெட்டிக் கொடுத்தனுப்புவார். எரிச்சல் நின்றதும் மாமா மிச்சத்தை மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவார். முழுதாகச் சாப்பிட வேண்டும் என்று இவருக்குத் தெரியாதா? கடைக்கு வருகிறவர்களிடம் வாய் வலிக்கச் சொல்லுகிறவர்தான். சொந்தக்காரர் விஷயத்தில் ஏனோ அந்த வாய் திறந்ததில்லை.

இந்த முறை காய்ச்சலோடு குளிர் நடுக்கமும் வந்தது. அலமாரியில் இருந்ததிலேயே வீரியமான மாத்திரையாகப் பார்த்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் மாமா அக்காவைப் பார்த்து “யாரும்மா நீ?” என்று கேட்டபிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

அங்கே டாக்டரம்மா முதலில் கேட்டதே, முன்னால் என்ன மருந்து சாப்பிட்டார் என்பதைத்தான். கட்டிலின் கால்மாட்டில் மாமாவின் தங்கை நின்றிருந்தாள். அக்காவுக்கு நாத்தனார், சும்மாவே குற்றம் கண்டுபிடிக்கிறவள். சீட்டு இல்லாமல் மருந்து கொடுத்த கதையை டாக்டரிடம் சொன்னால் அது அவள் காதிலும் விழும். அந்த ஒரு நொடியில் இவர் நாக்கு புரண்டுவிட்டது.

டாக்டரம்மா நம்பினார். மருந்துக்கடை நடத்துகிற மனிதர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்? இரண்டு கைகளிலும் இரத்தம் எடுத்து, பாட்டில்களில் விட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். வழக்கமாக முதலில் போடும் ஊசியைப் போடச் சொன்னார். செவிலி கொண்டுவந்த குப்பியின் பெயரை இவர் படித்தார். தான் கொடுத்த மாத்திரைக்கு அது பெரியண்ணன், ஒரே குடும்பம். தம்பிக்கு மசியாத கிருமி அண்ணனுக்கு மட்டும் மசியுமா? “கொஞ்சம் இருங்க” என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலையில் காய்ச்சல் குறையவில்லை. கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பை கால்வாசிகூட நிறையவில்லை.

“கிருமி இரத்தத்துல கலந்திருக்கு” என்றார் டாக்டரம்மா. “பாட்டில்ல வளந்துடுச்சுன்னு லேப்ல விடியக்காலையிலேயே சொல்லிட்டாங்க. எந்த மருந்து கேக்கும்னு மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சிடும்.”

மத்தியானத்துக்குள்ளா? இவருக்குத் தெரிந்து அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். மனசு கேட்காமல் தரைத்தளத்துக்கு இறங்கிப் போய் ஆய்வுக்கூடத்தின் சன்னலருகே நின்றார். உள்ளே இருந்த பெண் தலை நிமிராமலே பதில் சொன்னாள்.

“அது பழைய கதைங்க. முன்னாடி பாட்டில்ல வளந்தத எடுத்து, தட்டுல திரும்ப வளத்து, அப்புறம்தான் மருந்த வெச்சுப் பாப்போம். இப்ப பாட்டில்ல இருந்தே நேரா எடுத்து மெஷின்ல குடுத்துடறோம். எந்த மருந்துல கிருமி வளராம நிக்குது, எதுல அதுபாட்டுக்கு வளருதுன்னு மெஷின் பாத்துக்கிட்டே இருக்கும். ஆறேழு மணி நேரம், அவ்வளவுதான்.”

சன்னலுக்கு எதிரே ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தார். யாராவது தெரிந்தவர்கள் வந்தால் எழுந்து கழிப்பறைப் பக்கம் நகர்ந்தார். ஒரு மணிக்கு அந்தப் பெண் போனை எடுத்து டாக்டரம்மாவிடம் பேசுவது கேட்டது. பேசி முடித்ததும் இவரைக் கூப்பிட்டு, “டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க மேலதானே போறீங்க, இதையும் குடுத்துடுங்க” என்று ஒரு தாளை நீட்டினாள்.

படிக்கட்டு முனையில் நின்று படித்தார். வரிசையாக மருந்துகளின் பெயர்கள். பக்கத்திலேயே, கேட்கும், கேட்காது என்பதற்கான எழுத்து. கேட்காது, கேட்காது, கேட்காது. ஒவ்வொன்றும் தன் அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று இவருக்குத் தெரியும். போன வருடம் வெட்டிக் கொடுத்தது, ஆறு மாதம் முன்பு கொடுத்தது, போன வாரம் கொடுத்தது. நேற்று ஏற்றிய ஊசியும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. கேட்கும் என்று இருந்தவை அடியில் மூன்றே மூன்று. மூன்றும் இவர் கடையில் இல்லாதவை. காதுவரை சூடேறியது. தாளை நாலாக மடித்தார். மடித்துவிட்டோமே என்று பயந்து பிரித்து நீவினார்.

மேலே போனபோது புது மருந்து ஏறத் தொடங்கியிருந்தது. டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு எல்லோரையும் பொதுவாகக் கேட்டார். “இத்தன மருந்து கேக்கலன்னா, இவர் இதுல சிலதையாவது ஏற்கெனவே சாப்பிட்டிருக்கணும்னு தோணுது. நிஜமாவே ஒண்ணும் குடுக்கலையா?”

இவர் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“நான்தான் டாக்டர். வீட்டுல மிச்சம் மீதி கிடந்த மாத்திரைய நான்தான் குடுத்தேன்.”

“அப்படிப் போடு!” என்று நாத்தனார் பிடித்துக்கொண்டாள். “எங்கண்ணன் உயிரு உனக்கு விளையாட்டாப் போச்சா அண்ணி? என்ன மாத்திரைன்னு பேராவது படிச்சியா? படிச்சிருந்தாலும் புரிஞ்சிருக்குமா?”

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். இவரும் தரையைத்தான் பார்த்தார். சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒரு குரல். இன்னும் ஒரு வசவு விழட்டும், அத்தோடு அடங்கிவிடும் என்று இன்னொரு குரல். அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நாத்தனார் விடவில்லை. கடைசியில் அக்காவின் தோள் குலுங்கியது.

“அக்கா குடுக்கல” என்றார். குரல் தன்னுடையது போலவே இல்லை. “எல்லாம் நான் குடுத்தது. ரெண்டு வருஷமா. நேத்து பொய் சொன்னேன்.”

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். எந்த மருந்து, எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். திட்டவில்லை. கடைசியில், “இத நேத்தே சொல்லியிருந்தா நேத்தே மாத்தியிருப்பேன்” என்று மட்டும் சொன்னார். நாலு வார்த்தை நன்றாகத் திட்டியிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார்.

“அந்த ஒரு நாளால...” என்று இவர் ஆரம்பித்தார்.

“தெரியாது. அத யாராலயும் சொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மாமா பிழைத்தார். புது மருந்து ஏறிய இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. ஆனால் சிறுநீரகம் சுணங்கிவிட்டது; மூன்று முறை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. இனி பேருந்து ஓட்டலாமா என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். இவர் தினமும் போனார். நாத்தனார் இருக்கும் நேரத்தில் வராந்தாவிலேயே நின்றார்.

பத்தாம் நாள் அக்கா வெந்நீர் பிடிக்கப் போயிருந்தாள். மாமா தலையணையில் சாய்ந்தபடி இவரை உட்காரச் சொன்னார். பாதியாக இளைத்திருந்தார்.

“மாத்திரைக்கு உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன் மாப்ள. கேட்டது நான். பாதியில விட்டதும் நான்.”

“அப்படியில்ல மாமா...”

“முழுசா கேளு. உங்கக்கா பழிய தன் தலையில போட்டுக்கிட்டப்ப நீ பக்கத்துலயே பேசாம நின்னியாமே. தங்கச்சி சொன்னா. எவ்வளவு நேரம் நின்ன?”

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். இவர் சமாளிக்கவில்லை.

“அவ அழற வரைக்கும் மாமா.”

மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா குடுவையோடு உள்ளே வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, எதுவும் கேட்காமல் குடுவையைக் கீழே வைத்தாள்.

“விரிப்ப மாத்தணும். நீ அந்தப் பக்கம் தூக்கு தம்பி” என்றாள்.

இவர் எழுந்து மாமாவின் தோளுக்கடியில் கை கொடுத்தார். மாமா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அதன்மேல் சாயவும் இல்லை.