டிரைவருக்கு மிஞ்சிய சொல்

பக்கவாதம் டிரைவரின் வலது கையையும் காலையும் கொண்டுபோனது. அதோடு விட்டதா? பேச்சையும் வாரிக்கொண்டு போனது. ஆயுசெல்லாம் பஸ் ஓட்டி, குறுக்கே புகுந்தவனையெல்லாம் வாய் நிறைய வைத மனுஷனுக்கு அது மிச்சம் வைத்தது ஒரே ஒரு வார்த்தை: ஸ்தோத்திரம். சாப்பிட உட்காரும்போதும் வண்டியைக் கிளப்பும்போதும் ஆண்டவருக்கு நன்றியாகச் சொல்லிச் சொல்லி நாக்கோடு ஒட்டிப்போன வார்த்தை. மற்றதெல்லாம் போனாலும் இப்படிப் பழகினது சிலருக்குத் தங்கிவிடும் என்றார் டாக்டர்.

ஆக, தண்ணீர் வேண்டுமென்றாலும் ஸ்தோத்திரம். மூத்திரம் முட்டினாலும் ஸ்தோத்திரம். ஃபேனைப் போடு என்பதற்கும் அதுதான், நிறுத்து என்பதற்கும் அதுதான். அவர் சம்சாரம் முதலில் தலையைப் பிய்த்துக்கொண்டாள். போகப்போகக் காது பழகியது. இழுத்துச் சொன்னால் தாகம். படபடவென்று இரண்டு தரம் சொன்னால் ஓடிப்போய் மூத்திரப் பாத்திரத்தை எடுக்க வேண்டும். பல்லைக் கடித்துச் சொன்னால் திட்டுகிறார், அப்போது பதிலுக்கு இவளும் திட்டுவாள்.

கூத்து என்னவென்றால், இவள் வாயிலிருந்து அந்த வார்த்தை அடியோடு போய்விட்டது. அவர் விழுந்த நாளிலிருந்து வரவில்லை. முழங்கால் போடுவாள், வாயைத் திறப்பாள், ஒன்றும் வராது, எழுந்துவிடுவாள். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க நின்றபடி. வீட்டுக்கு வந்தால் அவரைப் புரட்டி, முதுகைத் துடைத்து, நனைந்த விரிப்பை அலச வேண்டும். ஊரார் விரிப்பு போதாதென்று இது வேறு. ஆண்டவர் மேல் கோபமா என்று யாராவது கேட்டால், கோபப்படத் தெம்பு வேண்டாமா என்றுதான் கேட்டிருப்பாள்.

இந்த லட்சணத்தில், அவர் பிழைத்ததற்காக ஜெபக்குழு அவள் வீட்டிலேயே ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தது. குழுத் தலைவிக்கு மைக் அக்கா என்று பெயர். மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கும் குரல். நல்ல மனசு, சும்மா சொல்லக்கூடாது. டிரைவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முறை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இவர்கள்தான். அதனாலேயே வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் கூட்டத்தின் முடிவில் அந்த வீட்டார்தான் நன்றி ஜெபம் பண்ண வேண்டும், அது குழுவின் முறை. அவரால் முடியாது, அவள்தான் பண்ண வேண்டும். பண்ணினால் பொய், அதுவும் ஆண்டவரிடமே பொய். பண்ணாவிட்டால் தனக்கு உதவினவர்கள் முன்னால் நன்றிகெட்டவள்.

ஞாயிறு சாயங்காலம் வந்தார்கள். சின்ன முன்னறை, நெருக்கியடித்து நாற்காலி போட்டார்கள். டிரைவரை ஜன்னலோரம் சாய்நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். பாட்டு ஆரம்பித்தது.

"ஸ்தோத்திரம்!" என்றார் டிரைவர்.

"அல்லேலூயா!" என்றார்கள் எல்லோரும்.

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!"

"பாருங்க, பாருங்க!" மைக் அக்காவின் குரல் தழுதழுத்தது. "இந்த நிலைமையிலயும் பிரதர் துதிக்கிறாரு. கையத் தூக்கறாரு பாருங்க! நாமளும் இருக்கோமே, சின்னத் தலைவலி வந்தா முணுமுணுக்கிறோம்."

நாற்காலிக் கையைப் படார் படார் என்று அடிக்கும் சத்தம் கேட்டது. "தாளம் போடறாரு!" என்றாள் யாரோ. பாட்டு இன்னும் உரத்தது.

அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. இது தாகம் இல்லை. திட்டும் இல்லை. இந்த மாதிரி ஸ்தோத்திரத்தை அவள் இதுவரை கேட்டதே இல்லை. வடிகட்டியைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

அடக் கடவுளே! டிரைவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரம்மா நல்ல கனத்த சரீரம். கண்ணை மூடி உருகிப் பாடிக்கொண்டிருந்தார். அவருடைய நாற்காலியின் பின்கால், டிரைவரின் இடது காலில், உணர்ச்சி உள்ள ஒரே காலில், பெருவிரல் மேல் ஊன்றியிருந்தது.

"எழுந்திருங்கம்மா!" அவள் கத்திய கத்தலில் மைக் அக்காவின் குரலே அமுங்கிப்போனது. "எழுந்திருங்க! அவரு துதிக்கல, வலிக்குதுன்னு அலறறாரு! காது கேக்கலையா ஒருத்தருக்கும்?"

பேக்கரிக்காரம்மா பதறி எழுந்தார். நகம் கறுத்து, விரல் வீங்கியிருந்தது. அவள் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, காலை எடுத்து அதற்குள் வைத்தாள். டிரைவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முணுமுணுப்பாக ஒரு ஸ்தோத்திரம் சொன்னார். பல்லைக் கடித்து.

"ஆமாங்க, நல்லா திட்டுங்க," என்றாள் அவள்.

யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மைக் அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது. "மன்னிச்சிருங்க சிஸ்டர்," என்றாள், அவளுக்கு அப்படி ஒரு சின்னக் குரல் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. "நாங்க போயிடறோம். ஜெபம் இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

தப்பித்தோம் என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும். அப்படித்தான் நினைக்கப்போனாள். ஆனால் தண்ணீருக்குள் அவர் பாதம் அவள் உள்ளங்கையில் இருந்தது, விரல் இன்னும் துடித்தது.

"இருங்கக்கா. பண்ணிடறேன்," என்றாள்.

எழவில்லை, முழங்கால் போடவில்லை, முக்காடும் இழுத்துக்கொள்ளவில்லை. கோயிலில் பேசுகிற தமிழும் வரவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரியே வந்தது.

"ஆண்டவரே, இவரு கத்தினது எனக்குப் புரிஞ்சுது. இத்தனை பேர் இருந்தும் எனக்குப் புரிஞ்சுது. அதுக்கு ஸ்தோத்திரம்." அவர் பாதத்தைத் தண்ணீருக்குள் சரியாக வைத்தாள். "மத்ததுக்கெல்லாம் எனக்கு இன்னும் வாய் வரல. வரும்போது சொல்றேன். வரலன்னாலும் கோவிச்சுக்காதீங்க. ரொம்ப அலுப்பா இருக்கு."

அவ்வளவுதான். ஆமென் சொல்ல வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோனது. பாத்திரத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது, அதை மாற்ற எழுந்துபோனாள். சுவரோரம் நின்றுகொண்டிருந்த பேக்கரிக்காரம்மாதான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவளுக்காக ஆமென் சொன்னார்.