ராஜாராமன் இறங்கவில்லை

மதுரைக்காரர்களுக்கும் தண்ணீருக்கும் தூரத்து உறவுதான். வைகையில் தண்ணீர் வந்தால் வேலையைப் போட்டுவிட்டுப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வராத நாட்களில் மணலில் இறங்கிக் குறுக்கே நடந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில், செல்லூர் நூல் கம்பெனி ஒன்றின் மானேஜரான ஹாலாஸ்யம், தன் சிப்பந்திகளைக் கடலுக்கு அடியில் எட்டிப் பார்க்க வைப்பது என்று தீர்மானித்தார்.

காரணம் கொழும்பு. எழுபத்தெட்டில் ஒரு வியாபார மாநாட்டுக்காக அங்கே போயிருந்தார். யாரோ அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் ரப்பர் குழாயைச் செருகி, தண்ணீரில் குப்புறப் போட்டிருக்கிறார்கள். எழுந்தபோது வேறு மனிதராக எழுந்ததாக அவர் சொல்லிக்கொண்டார். அதற்குப்பின் 'ஸ்நார்கலிங்' என்ற சொல்லை உச்சரிக்காமல் அவர் ஆபீசில் காபி குடித்ததில்லை. கண்ணாடியும் குழாயுமாக ஒரு செட் வாங்கியும் வந்திருந்தார். அது ஆபீஸ் பீரோவில் இருந்தது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள்.

எண்பதாம் வருடம் மாசி மாதம் அவர் அறிவித்தார்: ஞாயிற்றுக்கிழமை, ஸ்டாஃப் கிளப் சார்பில், ஹாஃப் டே ஐலண்ட் டூர். மண்டபம் வரை வேன். அங்கிருந்து வள்ளத்தில் தீவு. நீச்சல், ஸ்நார்கலிங், எலுமிச்சம் சாதம்.

"சார், நமக்கு யாருக்கும் நீச்சல் தெரியாதே" என்றான் டைப்பிஸ்ட் வெள்ளைத்துரை.

"ராஜாராமன் இருக்கார்ல. அவர்தான் நம்ம லைஃப் கார்டு."

ராஜாராமன் டெஸ்பாட்ச் கிளார்க். நாற்பதை நெருங்குகிறவர். சோழவந்தான் பக்கத்துக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவர். அந்தக் கம்பெனியில் மிதக்கத் தெரிந்த ஒரே ஜீவன். "சரி சார்" என்றார். பதினாறு வருடமாக அவர் அந்த அறையில் வேறு எதையும் சொன்னதில்லை.

வீட்டில் ஜானுவிடம் சொன்னபோது அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"கடலுக்கா?"

பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் கடலில் குளிக்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது. ஏன் என்று பெரியவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. கேட்காமல் இருக்கிறவர்களுக்குத்தான் பிள்ளை தங்கும் என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்கள். ராஜாராமனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இரண்டாவது தடவை ஜானு உண்டாகியிருந்தபோது சலூனுக்குப் போய் ஜம்மென்று முடி வெட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்கு முந்தினதும் தங்கவில்லை, பிந்தினதும் தங்கவில்லை. டாக்டரம்மா காரணங்கள் சொன்னாள். ஜானுவுக்கு அந்தக் கத்திரிச் சத்தம் மட்டும்தான் நினைவில் நின்றது.

"எல்லாத்தையும் நம்புங்கன்னு சொல்லல. இது ஒண்ணு மட்டும். கால்கூட நனையக் கூடாது."

"சரி."

"யார்கிட்டயும் சொல்லவும் கூடாது."

இதற்குச் சொன்ன 'சரி'தான் கஷ்டமானது. போன தடவை சந்தோஷத்தில் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். மானேஜர் சம்சாரம் முதற்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு மழைநாளில் எல்லாம் முடிந்தபிறகு, வாழ்த்தின ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது. சிலர் மறந்துபோய் இரண்டு தடவை கேட்டார்கள்.

"காதுவலின்னு சொல்லிடுங்க" என்று ஜானு பஞ்சை உருட்டிக் கொடுத்தாள்.

விடிகாலையில் கிளம்பிய வேன் ராமநாதபுரம் தாண்டும் வரை ஹாலாஸ்யம் பவளப் பாறைகளைப் பற்றிப் பேசினார். பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் தலையாட்டுவது தெரிந்தது, அதுவும் தூக்கமாக இருக்கலாம். மண்டபத்தில் படகுத்துறைப் பாலத்தை ஒட்டி வள்ளம் நின்றது. பாலத்திலிருந்து நேரே உள்ளே கால் வைத்துவிட்டார் ராஜாராமன். முதல் கண்டம் தாண்டியது.

வள்ளக்காரர் பாதுஷா பாய் அதிகம் பேசாதவர். "ஆடாம உக்காருங்க" என்பதை மட்டும் மூன்று விதமாகச் சொன்னார். தீவு என்பது மணல், புதர், நாலு உடை மரம். கரைக்குக் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டதும் எல்லோரும் வேட்டியையும் பேண்ட்டையும் கழற்றிவிட்டு, அரைக்கால் டிராயர்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். ஆபீசில் மேஜைக்குப் பின்னால் பார்த்தே பழகியவர்களை அந்தக் கோலத்தில் பார்ப்பது கூச்சமாக இருந்தது.

"லைஃப் கார்டு, இறங்குங்க."

"காதுவலி சார். தண்ணி பட்டா ஆகாது. சாமான் பாக்கவும் ஆள் வேணும்ல. பர்சு, வாட்சு எல்லாம் இங்கதான கெடக்கு."

ஹாலாஸ்யம் பஞ்சைப் பார்த்தார். "மண்டபம் வந்து காதுக்குப் பயந்தவரை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டினார். அதன் நெற்றிப் பக்கம் இன்னும் சந்தனம் இருந்தது. குழாயை வாயில் கவ்வி, ஒரு பிரசங்கம் செய்தார். குழாய்க்குள்ளிருந்து வந்ததால் ஒன்றும் புரியவில்லை. வழக்கத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பிறகு குப்புறக் கவிழ்ந்தார். தண்ணீருக்குமேல் முதுகும் குழாய் நுனியும் மட்டும் தெரிந்தன.

எழுந்ததும் முகத்தில் ஞானம் ஒழுகியது. "மீன், ஜென்டில்மென். நீலத்துல ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு. நெக்ஸ்ட்."

குழாயை நீட்டினார். யாரும் வாங்கவில்லை.

கொழும்பில் இந்தப் பிரச்சினை வரவில்லை போலிருக்கிறது. இங்கே இருந்தவர்கள் பிறந்ததிலிருந்து டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தவர்கள். குழாய் ஒன்று, வாய் ஒன்பது. அதிலும் அது மானேஜர் எச்சில். வாங்கினால் குமட்டும், வாங்காவிட்டால் இன்கிரிமென்ட் குமட்டும். கணக்குப்பிள்ளை குழாயைக் கடலில் நாலு தடவை அலசினார். அலசிவிட்டு, "நீங்க மொதல்ல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரும் அலசினார். கடைசியில் குழாய் வெள்ளைத்துரையிடம் வந்து சேர்ந்தது.

அவன் யோசித்தான். பிறகு உதட்டில் படாமல், வாய்க்கு ஒரு விரற்கடை மேலே குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்படியே தலையைத் தண்ணீருக்குள் விட்டான்.

இருமி முடிக்க வெகுநேரம் ஆனது. "பாத்தேன் சார்" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மஞ்சள் மீன்தான். அருமை."

அதன்பின் எல்லோருமே குழாய் இல்லாமல் மஞ்சள் மீனைப் பார்த்துவிட்டு, எலுமிச்சம் சாதத் தூக்கோடு உடை மர நிழலுக்குப் போய்விட்டார்கள். ஹாலாஸ்யம் மட்டும் இரண்டாவது ரவுண்டுக்கு இறங்கினார். வள்ளத்தில் பாதுஷா பாய் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ராஜாராமன் ஒன்பது ஜோடிச் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது குழாய் நுனி தண்ணீருக்குள் போய்விட்டது.

முதலில் இரண்டு கைகள் தெரிந்தன. பிறகு கண்ணாடி, அதற்குள் பெரிதாக இரண்டு கண்கள். மறுபடி கைகள். ராஜாராமனுக்குச் சட்டைப் பொத்தானில் விரல் போய்விட்டது, கிணற்றுக்காரனின் விரல். ஒரு காலை வள்ளத்து விளிம்பில் வைத்தும்விட்டார். அங்கே நின்றுபோனார். கீழே பச்சையாகத் தண்ணீர். அதில் ஜானுவின் முகமெல்லாம் தெரியவில்லை. கத்திரிச் சத்தம்தான் கேட்டது. எதிரே ஒருவர் சாகிறார், நாம் முடி வெட்டினதை நினைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பதும் தெரிந்தது. எதற்கும் ஆகாத மனிதன் என்று தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வரப்போன நேரத்தில், காலையில் இதே இடத்தில் எல்லோரும் இடுப்பளவில் நின்றது ஞாபகம் வந்தது.

"சார், நில்லுங்க. காலை ஊனி நில்லுங்க சார்."

கைகள் இன்னும் அடித்துக்கொண்டன. மூழ்கும்போதும் டெஸ்பாட்ச் கிளார்க்கின் பேச்சைக் கேட்க அவருக்குப் பழக்கமில்லை.

"யோவ், நில்லுய்யா."

ஹாலாஸ்யம் நின்றார். தண்ணீர் அவருடைய டிராயர் நாடாவுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

உடை மரத்தடியில் எட்டுப் பேரும் கையில் சோற்றோடு எழுந்து நின்றிருந்தார்கள். அவர் மூழ்கியதை யாரும் பார்க்கவில்லை. 'நில்லுய்யா' மட்டும் காற்றில் நன்றாகப் போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரை மேலும் நனைத்தது.

திரும்பும்போது ஹாலாஸ்யம் பவளப் பாறைகளைப் பற்றிப் பேசவில்லை. காற்று திரும்பிவிட்டது, பாலத்துப் பக்கம் அலை என்று பாதுஷா பாய் வள்ளத்தை ஒரு மணல் கரைப்பக்கம் கொண்டுபோனார். தண்ணீர் வற்றியிருந்தது. கரைக்கு முன்பே அடி தட்டி வள்ளம் நின்றது.

"இம்புட்டுத்தான் போகும். இறங்கி நடந்துருங்க."

எல்லோரும் இறங்கினார்கள். ராஜாராமன் இறங்கவில்லை. ஹாலாஸ்யம் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இறங்குங்க ராஜாராமன். முழங்கால் தண்ணிதான். நிக்கலாம்."

அந்தக் கடைசிச் சொல்லை அவர் நெடுநேரமாக வாயிலேயே வைத்திருந்திருப்பார்.

"காதுக்குத்தானண்ணே பஞ்சு" என்றான் வெள்ளைத்துரை. "காலுக்கு என்ன வந்துச்சு? அதுவும் காலையில வலது காதுல இருந்துச்சு, இப்ப இடது காதுக்குப் போயிருக்கு."

ராஜாராமன் காதைத் தொட்டுப் பார்த்தார். உண்மைதான். பாதுஷா பாயிடம் திரும்பினார்.

"பாய், என்னைய முதுகுல தூக்கிக் கரையில விட்டுருவீங்களா?"

பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நடக்க முடியாதா?"

"முடியும். கூடாது."

"என்னமோ போங்க. வாங்க, வந்து தொத்திக்கங்க. காலைத் தூக்கிக்கங்க, இடிக்குது."

நாற்பது வயதை நெருங்குகிற டெஸ்பாட்ச் கிளார்க், வள்ளக்காரர் முதுகில் உப்பு மூட்டைபோலத் தொங்கிக்கொண்டு, முழங்காலை மடக்கி, எட்டுப் பேரின் சிரிப்புக்கு நடுவே கடலைக் கடந்தார். 'நில்லுய்யா'வுக்காக அடக்கிவைத்திருந்த சிரிப்பும் அதில் சேர்ந்துகொண்டது. சிரிக்காதவர் ஹாலாஸ்யம் ஒருவர்தான். அவர் ராஜாராமனின் செருப்பைப் பார்த்தார். உலர்ந்திருந்தது. மெதுவாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. அந்த வெளிச்சத்தைப் பார்த்த ராஜாராமன், கரையில் இறங்கிய கையோடு வேனைப் பார்க்க நடந்தார்.

வேன் கிளம்பியதும் ஹாலாஸ்யம் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஜென்டில்மென், சிரிச்சீங்க. ஒரு மனுஷன் ஏன் கடல்ல கால் வைக்கலைன்னு யாராவது யோசிச்சீங்களா? என் மூத்தவன் வயித்துல இருந்தப்ப நானும் கடல் பக்கமே போகல." மதுரையில் இருந்துகொண்டு கடல் பக்கம் போகாமல் இருப்பது பெரிய விரதமில்லை என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. "ராஜாராமன், உங்க வீட்ல முழுகாம இருக்காங்க. கரெக்டா?"

எல்லோரும் திரும்பினார்கள்.

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரே சொல். வாய்வரை வந்தது. ஆனால் அந்தப் பிள்ளையைப் பற்றி அந்தச் சொல்லை இன்னொரு தடவை, பொய்யாகக்கூட, அவரால் சொல்ல முடியவில்லை. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

அது போதுமானதாக இருந்தது. ஹாலாஸ்யம் பரமக்குடிவரை பேசினார். நம் பண்பாடு, இல்லறம், முன்னோர் அறிவு, விஞ்ஞானம். பரமக்குடி தாண்டும்போது இடுப்பளவுத் தண்ணீரை எல்லோரும் மறந்திருந்தார்கள், அவர் உள்பட. வெள்ளைத்துரை வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சொல்லியிருக்கலாம்லண்ணே. நான் வேற பஞ்சைச் சொல்லித் தொலைச்சேன்."

"நீ யார்கிட்டயும் சொல்லாத, வெள்ளைத்துரை."

"நான் எதுக்கண்ணே சொல்றேன். அவரு இருக்காருல்ல."

மதுரைக்குள் நுழைந்ததும் வேன் பதவி வரிசைப்படி ஆட்களை இறக்கியது. முதலில் மானேஜர், தெற்கு மாசி வீதியில். பிறகு கணக்குப்பிள்ளை. ஆரப்பாளையத்தில் ஒருவர் பையைக் காணவில்லை. சீட்டுக்கடியில் தேடி எடுத்ததும், டிரைவர் டீ குடிக்க இறங்கினார். கடைசி ஆள் டெஸ்பாட்ச் கிளார்க். செல்லூருக்கு வந்து சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. தறிச் சத்தம் ஓய்ந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை.

வாசலில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா நின்றது.

உள்ளே ஹாலாஸ்யத்தின் மனைவி தர்மாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டில் மாங்காய் கீற்று. பக்கத்து வீட்டு முனியாயி நிலைப்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஜானு நடுவில் பாயில் உட்கார்ந்து, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க" என்றாள் தர்மாம்பாள். "அவர் வந்து சொன்னதும் எனக்கு இருப்புக் கொள்ளல. இந்தத் தடவை எல்லாம் நல்லா நடக்கும், பாருங்க."

'இந்தத் தடவை' என்றபோது ஜானுவின் சிரிப்பு அப்படியே இருந்தது. அவள் எழுந்து, "காபி கொண்டு வாரேன்" என்று அடுக்களைக்குள் போனாள். ராஜாராமன் பின்னாலேயே போனார்.

"நான் சொல்லல, ஜானு. அவராக் கண்டுபிடிச்சிட்டாரு. இல்லன்னு சொல்ல வாய் வரல."

அவள் ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "தண்ணியில இறங்கினீங்களா?"

"இறங்கல."

"சத்தியமா?"

"கால் நனையல."

அவள் திரும்பி அவருடைய முழங்கையைப் பிடித்து, விரலால் ஒரு கோடு இழுத்து, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

"காத்து" என்றார் ராஜாராமன். "காத்துல வந்தது. நாள் முழுக்க அதுல உக்காந்திருந்தேன்."

கூடத்தில் எத்தனாவது மாசம் என்று முனியாயி கேட்பதும், தர்மாம்பாள் கணக்குப் போடுவதும் கேட்டன. ஜானு விரலை முந்தானையில் துடைத்தாள். காற்று சாஸ்திரத்தில் சேருமா என்று யாரைப் போய்க் கேட்பது. பிறகு குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

"பின்னால போய்க் கழுவிட்டு வாங்க. நல்லாத் தேச்சு."